மூன்று மணிக் கட்டம்

"அந்த மூணு மணி வரியை நான் எழுதலேக்கா! அது என் கையெழுத்தே இல்ல!"

"கத்தாதடி! பக்கத்து வீட்டுக்குக் கேட்டுடப் போகுது."

பக்கத்து வீட்டுக்கு ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். நாம் காதைக் கொண்டுபோய் வைக்க வேண்டாம். அதுவே போய் ஒட்டிக்கொள்ளும்.

"எழுதாட்டிப் போகுது. எழுதினதா இருந்துட்டுப் போயேன்! டாக்டரம்மாவே தோளைத் தட்டியிருக்காங்க. நாளைக்குப் பயிற்சி நோட்டுல கையெழுத்துப் போடறேன்னு சொல்லியிருக்காங்க. வாயை மூடிட்டு நோட்டை நீட்ட வேண்டியதுதானே?"

"நான் தூங்கிட்டேன்கா. குதிரை சாகக் கிடந்தப்போ நான் தூங்கிட்டிருந்தேன்."

"அதைப் போய்ச் சொன்னா உனக்கு ஒரு வருஷம் போச்சு. மாமா கிட்ட நீயே சொல்லிக்க."

மாமா என்பவர் தங்கமான மனிதர். டிவி சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டிவைத்துவிட்டு, "இன்னைக்குச் சாப்பாடு உண்டா, இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

"அக்கா... அதை எழுதினது என்கூடப் பேசிச்சு."

அதோடு சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. இந்தப் பக்கம் எனக்கு மூச்சு நின்றது.

கேட்டுவிட்டு, "இதெல்லாம் நம்புகிற மாதிரியா இருக்கு?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இங்கேயே எழுந்து போய்விடலாம். இது நடந்தது. பாதியை அந்தப் பெண் வாயால் கேட்டேன். மீதியை அவள் அக்கா துணி காயப்போடும்போது சொன்னாள். அவர்கள் விட்டதை அந்த ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடமே விசாரித்தேன். பேய் என்றால் ராத்திரிதான் வர வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இது வந்தது பட்டப்பகலில். ஞாயிற்றுக்கிழமை மதியம்.

தங்கைக்காரி மாட்டு டாக்டர் படிப்பு படிக்கிறவள். மாட்டை விட்டுவிட்டு, ஆறு மாதப் பயிற்சிக்குக் குதிரை ஆஸ்பத்திரியைப் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தாள். எங்கள் தெருவில் அவளுக்கு 'குதிரை டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டோம். விடிவதற்கு முன் போவாள். வீடு தூங்கிய பிறகு வருவாள். சமையலறையில் மூடி வைத்த தட்டு அவளுக்காகக் காத்திருக்கும். வேறு யாரும் காத்திருக்க மாட்டார்கள். இந்த ஊரில் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடையாது. ஒரு நாளில் அவள் பேசிய பேச்சில் முக்கால்வாசி நாலு காலில் நிற்பவற்றோடுதான். "குதிரைங்க நல்லா கேட்டுக்கும்கா. பதில்தான் சொல்லாது" என்று ஒரு நாள் சொன்னாளாம். அக்கா சிரித்தாள். எனக்கென்னவோ சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே. பெரிய இரும்பு கேட். உள்ளே ஒரு ஆபரேஷன் கூடம், ஒரு தீவன அறை, குதிரைகளை நிறுத்த வரிசையாக ஆறு கொட்டடிகள். பெரிய டாக்டரம்மா, ஒரு கம்பவுண்டர், ஒரு லாயக்காரர், இவள். அவ்வளவுதான் ஆட்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பெண் குதிரை வந்தது. அதற்கு அங்கே 'மகாராணி' என்று பெயர். நடையும் திமிரும் அப்படி. வந்த அன்று நடையும் இல்லை, திமிரும் இல்லை. குடல் முறுக்கிக்கொண்டுவிட்டது. வயிற்றைக் கிழித்துச் சரிசெய்து தைத்து முடிக்க ராத்திரி இரண்டு மணி. நாலாம் நம்பர் கொட்டடியில் நிறுத்தினார்கள். எதையும் தின்றுவிடாமல் வாயில் கூடு, கழுத்தில் ட்ரிப்ஸ், மூக்கு வழியாக வயிற்றுக்குள் ஒரு குழாய்.

அந்தக் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். குதிரைக்கு வாந்தி வராது. ஆண்டவன் அந்த வசதியை அதற்கு வைக்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றில் தண்ணீர் சேர்ந்தால் வெளியேற வழி கிடையாது. வயிறு வெடித்துவிடும். அதற்குத்தான் குழாய். மூடியைத் திறந்து வாளிக்குள் இறக்கினால் சேர்ந்தது வடிந்துவிடும். ஆனால் படிக்கிற பிள்ளைகள் அதைத் தொடக் கூடாது.

"அரை மணிக்கு ஒரு தடவை பாரு. இதயத்துடிப்பு அறுபதைத் தாண்டினா எனக்கு போன் பண்ணு. நீயா குழாயைத் திறக்காதே" என்று சொல்லிவிட்டு, ஞாயிறு காலை ஒன்பதுக்குப் பெரிய டாக்டரம்மா வீட்டுக்குத் தூங்கப் போனார். லாயக்காரருக்கு அன்று விடுமுறை. மதியம் ஒரு மணிக்குக் கம்பவுண்டர் வந்து இவளை மாற்றிவிட வேண்டும்.

அங்கே இரண்டு விதிகள் உண்டு. இரண்டையும் முதல் நாளே மண்டையில் அடித்துச் சொல்லித் தருவார்கள்.

குதிரையின் பின்பக்கம் சுற்றிப் போனால் உள்ளங்கையைப் பின் சப்பையில் அழுத்திவைக்க வேண்டும். எடுக்காமல், தடவியபடியே அந்தப் பக்கம் போக வேண்டும். ஆள் எங்கே இருக்கிறது என்று குதிரைக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உதைக்கும். அது ஒன்று.

காவல் மாறும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போகிறவர் "ஒப்படைச்சேன்" என்பார். வருகிறவர் "எடுத்துக்கிட்டேன்" என்பார். அதுவும் குதிரைக்கு முன்னால் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வார்த்தை விழாமல் யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது. கல்யாண மந்திரம்கூட இத்தனை கறாராகச் சொல்லப்படுவதில்லை.

மணி 12.50. போன் அடித்தது. கம்பவுண்டர்.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. கல்யாணப் பேச்சு ஒண்ணு. பொண்ணு வீட்டுல இப்பத்தான் உக்காரவே சொல்லியிருக்காங்க. ஒன்றரைக்கு டாண்ணு வந்துடறேன்."

"நான் நேத்து காலையிலேருந்து தூங்கலைண்ணே."

"அண்ணனுக்கு முப்பத்தாறு வயசும்மா. கொஞ்சம் கருணை வை."

வைத்தாள்.

1.00. துடிப்பு 46. ஈறு இளஞ்சிவப்பு. அட்டையில் எழுதினாள். கொட்டடிக் கதவில் ஒரு அட்டை, அதில் அரை மணிக்கு ஒரு கட்டம் போட்ட தாள், நூலில் கட்டிய ஒரு பேனா.

1.30. துடிப்பு 48. வயிற்றில் நாலு இடத்திலும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாள். இரண்டு இடத்தில் குடல் ஓடுகிற சத்தமே இல்லை. எழுதினாள். கேட்டைப் பார்த்தாள். யாரும் இல்லை. வெயில் மட்டும் உள்ளே வந்து நின்றுகொண்டிருந்தது.

ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று தீவன அறைக்குப் போனாள். அங்கே ஒரு பலகை. உட்கார்ந்தவள் சாய்ந்தாள். சாய்ந்தவள் கண்ணை மூடினாள்.

1.38. கேட் சத்தம். கிரீச்...

சுவர்க் கடிகாரத்தை அரைக்கண்ணால் பார்த்தாள். அதனால்தான் மணி துல்லியமாக நினைவிருக்கிறது. ரப்பர் பூட்ஸ் நடந்து வரும் ஓசை. டப்... டப்... டப். தீவன அறை வாசலில் வந்து நின்றது.

எழுந்திருக்க வேண்டும். கொட்டடிக்குப் போக வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். உடம்பு கேட்கவில்லை. கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"மகாராணியை ஒப்படைச்சேன்ணே..."

பிறகு, மெதுவாக, "எடுத்துக்கிட்டேன்."

நிம்மதியாகத் தூங்கிப்போனாள். கம்பவுண்டருக்குக் குரல் தகர டப்பாவில் கல் உருட்டின மாதிரி இருக்கும். இந்தக் குரலில் தகரம் இல்லை. அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

கண் விழித்தபோது மணி 4.10.

எங்கும் சத்தமில்லை. ஆறு கொட்டடி உள்ள இடத்தில் ஒரு செருமல், ஒரு குளம்படி, ஈ விரட்டும் வால் வீச்சு, ஏதாவது ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். அன்று எதுவும் இல்லை. எல்லாக் குதிரைகளும் காதைத் தீட்டிக்கொண்டு எதையோ கவனிப்பது போல நின்றன.

"அண்ணே?"

முகத்தைக் கழுவிக்கொண்டு நாலாம் நம்பருக்குப் போனாள்.

மகாராணி நின்றுகொண்டிருந்தது. கண்ணில் தெளிவு. கால் பக்கத்தில் ஒரு வாளி. வாளி நிறையப் பச்சைத் தண்ணீர். புளித்த வாடை. பக்கத்தில் இன்னொரு வாளியில் பாதி. குழாயின் மூடி கழுவி, துடைத்து, திரும்ப மாட்டியிருந்தது.

அட்டையைப் பார்த்தாள்.

2.00 — 54.

2.30 — 66.

3.00 — 84. குழாய் திறந்தேன். 14 லிட்டர்.

3.30 — 56.

4.00 — 44. நாலு இடத்திலும் சத்தம் உண்டு.

படித்ததும் இவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. எண்பத்து நாலு வரைக்கும் போயிருக்கிறது. இவளை எழுப்பவில்லை. ஊசி போடவே கை நடுங்குகிற கம்பவுண்டர் குழாயைத் திறந்திருக்கிறார். பலே ஆள்! கல்யாணப் பேச்சு முடிந்ததும் தைரியமும் வந்துவிட்டது போலிருக்கிறது.

அப்போதுதான் கையெழுத்தைக் கவனித்தாள்.

கம்பவுண்டரின் எழுத்து மையில் விழுந்த எறும்பு மாதிரி ஊரும். இது உருண்டை உருண்டையாக, அச்சடித்த மாதிரி இருந்தது. படிக்கிற பிள்ளையின் எழுத்து.

நூலில் தொங்கிய பேனா லேசாக ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை.

போனை எடுத்தாள். 4.16.

"அண்ணே, எங்கே இருக்கீங்க?"

"தங்கச்சி, மன்னிச்சுக்கம்மா... டயர் வெடிச்சு நடு ரோட்டுல நிக்கிறேன். பொண்ணு வீட்டுலேருந்து கிளம்பவே மூணாயிடுச்சு..."

"அப்ப... ஒன்றரைக்கு வந்தது?"

"நான் எங்கம்மா வந்தேன்?"

போனைக் கீழே இறக்கினாள்.

மகாராணி அவளைப் பார்த்தது. குதிரைக்குக் காதுதான் விரல். எதைக் கவனிக்கிறதோ அங்கே காட்டும். இடது காது இவளைக் காட்டியது.

வலது காது பின்னால் காட்டியது.

பின்னால் வெறும் சுவர்.

சரக்... என்று வைக்கோல் மிதிபட்டது.

மகாராணியின் கால்கள் அசையவில்லை.

சரக்... சரக்...

குதிரையின் இடது பின் சப்பையில் ரோமம் அமுங்கியது. காற்றடித்தால் கலையுமே, அப்படி இல்லை. ஒரே இடத்தில்... அழுத்தமாக... ஐந்து விரல் அகலத்தில்.

ஒரு உள்ளங்கை.

அந்தப் பள்ளம் நகர்ந்தது. எடுக்காமல். தடவியபடி. வால் மேல் ஏறி... வலப் பக்கம் இறங்கி... மெல்ல, பாடம் படித்த மாதிரி...

வலது காதும் கூடவே திரும்பியது.

பக்கவாட்டில்.

முன்னால்.

இவளுக்கு நேரே.

"ஒப்படைச்சேன்."

காதோரம். ஒரு பெண் குரல். களைத்த குரல்.

இவள் ஓரடி பின்னால் வைத்தாள்.

"ஒப்படைச்சேன்..."

மிரட்டவில்லை. கெஞ்சியது. அதுதான் இவளால் தாங்க முடியவில்லை. ரொம்ப நேரமாகப் பஸ்ஸுக்கு நின்றவர்கள் கேட்கிற மாதிரி இருந்தது என்று என்னிடம் சொன்னாள்.

மூன்றாவது முறை கேட்பதற்குள் ஓடிவிட்டாள்.

கேட்டுக்கு வெளியே, வெயிலில், மண்ணில் உட்கார்ந்திருந்தாள். 5.00 மணிக்குப் பெரிய டாக்டரம்மாவின் கார் வந்தது. டாக்டரம்மா நேராக உள்ளே போனார். அட்டையைப் படித்தார். வாளியைப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். திரும்ப அட்டைக்கு வந்து, மூன்று மணிக் கட்டத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன் பண்ணாம நீயே திறந்தியா?"

இவள் வாளியைப் பார்த்தாள்.

"திறக்கலேன்னா மூணரைக்குள்ள செத்திருக்கும்" என்றார் டாக்டரம்மா. இவள் தோளைத் தட்டினார். தட்டிய கையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு மறுபடி அட்டையைப் பார்த்தார். தூக்கக் கலக்கம் என்று இவள் நினைத்துக்கொண்டாள். "நாளைக்கு நோட்டைக் கொண்டு வா. கையெழுத்துப் போடறேன்."

5.20க்குக் கம்பவுண்டர் வந்து சேர்ந்தார். புதுச் சட்டை முழுக்கக் கிரீஸ்.

இதுதான் அன்று ராத்திரி ஒற்றைச் செங்கல் சுவர் வழியாக நான் கேட்ட சண்டைக்குப் பூர்வீகம். வாயை மூடினால் ஒரு வருஷம் மிஞ்சும். திறந்தால் போகும். அக்கா மூடச் சொன்னாள். ஊரில் எந்த அக்காவும் அதைத்தான் சொல்லியிருப்பாள். நானும் அதையே சொல்லியிருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை 7.15. நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் சொல்லிவிட்டாள்.

"நான் தூங்கிட்டேன், டாக்டர். அந்த வரிகளை நான் எழுதல."

"தெரியும்."

டாக்டரம்மா மேஜையின் கீழ் இழுப்பறையின் பூட்டைத் திறந்தார். பழுத்துப்போன ஒரு தாளை எடுத்து, நேற்றைய தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். அதே கட்டங்கள். அதே உருண்டை எழுத்து. 1.00, 1.30, 2.00, 2.30. அதற்குக் கீழே...

மூன்று மணிக் கட்டம் காலியாக இருந்தது.

"ஒன்பது வருஷம் ஆச்சு. உன்னை மாதிரி ஒரு பொண்ணு. ஞாயித்துக்கிழமை. ரெண்டு நாள் தூக்கமில்ல. பின்னால போகும்போது கை வைக்க மறந்துட்டா."

"எந்தக் கொட்டடி?"

"நாலு."

"அன்னைக்கே... யாரும் பார்க்கலையா?"

"திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்குத்தான் பார்த்தோம். டாக்டருங்க, அன்னைக்கு ராத்திரி வரைக்கும் உயிர் இருந்திருக்கும்னாங்க."

"அவங்களை மாத்த யாரும் வரலையா டாக்டர்?"

டாக்டரம்மா இழுப்பறையைப் பூட்டினார். சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மணிக்கு வர வேண்டியது நான்."

ஒப்படைச்சேன், எடுத்துக்கிட்டேன் என்கிற அந்த வாய்வார்த்தைச் சட்டம் அதற்குப் பிறகுதான் வந்ததாம். அப்படியானால் செத்தவளுக்கு அது எப்படித் தெரியும் என்று கம்பவுண்டரை மடக்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒன்பது வருஷமா நாங்க மாறி மாறிச் சொல்றதைக் கேட்டுட்டுத்தானே இருக்கா அந்தப் பொண்ணு?" என்றார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

டாக்டரம்மா நோட்டில் கையெழுத்துப் போட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "அவ ஒப்படைச்சப்போ நீ என்ன சொன்ன?"

"ஓடிட்டேன்."

"இப்பப் போய்ச் சொல்றியா?"

இவள் நாலாம் நம்பர் வாசல் வரைக்கும் போனாள். மகாராணியின் இடது காது இவளைக் காட்டியது. வலது காது பின்னால். ஒரு வார்த்தைதான். சொன்னால் தீர்ந்தது. ஆனால் சொன்ன பிறகு அந்தப் பெண் எங்கே போவாள், எந்தப் பக்கமாகப் போவாள், தன்னை உரசிக்கொண்டா... அதை நினைத்ததும் திரும்பி வந்துவிட்டாள். சாயங்காலம் டாக்டரம்மாவே தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "எடுத்துக்கிட்டேன், எடுத்துக்கிட்டேன்" என்று சொன்னாராம். வெளியே கம்பவுண்டர் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். மகாராணியின் வலது காது பின்பக்கத்தை விட்டுத் திரும்பவில்லை. டாக்டரம்மாவிடம் யாரும் ஒப்படைக்கவில்லையே.

பன்னிரண்டாம் நாள் மகாராணிக்குத் தையல் பிரித்தார்கள். சொந்தக்காரர் அதை வெகுதூரத்தில் ஒரு பண்ணைக்கு விற்றுவிட்டார். லாரியில் ஏற்றும்போது லாயக்காரர் கயிறு பிடித்தார். குதிரை ஏறியது. பலகையில் குளம்படிச் சத்தம் கேட்டது. அது ஏறி முடித்த பிறகும் பலகை அதிர்ந்ததாம். டப்... டப்... டப். அவர் கயிற்றைப் போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டார். அன்றிலிருந்து நாலாம் நம்பரில் எந்தக் குதிரையும் காதைப் பின்னால் திருப்புவதில்லை.

கம்பவுண்டருக்கு அன்று பார்க்கப் போன பெண்ணோடேயே கல்யாணம் ஆனது. கிரீஸ் சட்டை விஷயத்தை இன்றைக்கும் அவள் சொல்லிச் சிரிக்கிறாள். அக்காவும் மாமாவும் வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது பக்கத்து வீட்டில் ஊமைச் சாமியார் மாதிரி ஒரு குடும்பம். சுவர் இருந்து என்ன பிரயோஜனம்? குதிரை டாக்டர் பட்டம் வாங்கி, வேறு ஊரில் நாய், பூனைக்கு ஊசி போடுகிறாள். கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் எந்த இடத்திலும் தனியாக உட்கார மாட்டாளாம்.

போன மாதம் அந்தப் பண்ணையிலிருந்து பெரிய டாக்டரம்மாவுக்கு ஒரு போன் வந்ததாம். மகாராணி நன்றாக இருக்கிறது, குட்டி போட்டிருக்கிறது என்று பண்ணைக்காரர் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். வைக்கப் போகும் சமயத்தில், கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாராம்.

"டாக்டரம்மா, குதிரையோட நீங்க ஒரு பொண்ணை அனுப்புனீங்களே... கொட்டடியை விட்டு நகர மாட்டேங்குது. கூப்பிட்டாலும் சாப்பிட வர மாட்டேங்குது. பார்க்கப் பாவமா இருக்கு... அதை மாத்த எப்ப ஆள் அனுப்புவீங்க?"